மேட்டுநிலப் பறவை வேட்டைக் காலணி

மேட்டுநிலப் பறவை வேட்டைக் காலணி என்பது, நீர்நிலைகளைச் சாராமல் புல்வெளி, புதர்க்காடு, மலைச்சரிவு முதலிய இடங்களில் வாழும் வேட்டைப் பறவைகளைத் தேடி நாள் முழுவதும் நடப்பவர்கள் அணியும் பூட்சு வகைக் காலணி ஆகும். இது வட அமெரிக்காவில், குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், தனியொரு காலணி வகையாக வளர்ச்சி பெற்றுள்ளது. குறைந்த எடை, பாதத்துடன் பொருந்துதல், முள்ளில் இருந்தும் ஈரத்தில் இருந்தும் பாதுகாப்பு, வழுக்காத பிடிப்பு ஆகிய நான்கும் இதன் முதன்மையான தேவைகள் ஆகும்.

இந்நான்கு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுவன. எடையைக் குறைத்தால் பாதுகாப்பும் உழைப்புக் காலமும் குறைகின்றன. ஈரத்தை முற்றாகத் தடுத்தால் வியர்வை வெளியேறுவது கடினமாகின்றது. ஆகவே எல்லா நிலங்களுக்கும் ஏற்ற ஒரே காலணி என்று எதுவும் இல்லை. நடக்கப்போகும் நிலம் தாங்கக்கூடிய அளவுக்கு இலேசானதும், அணிபவரின் பாதத்துக்குச் சரியாகப் பொருந்துவதுமான காலணியே நல்ல தேர்வாகும்.

மேட்டுநில வேட்டையின் இயல்பு

வேட்டைப் பறவைகளை மேட்டுநிலப் பறவைகள், நீர்ப்பறவைகள் என இரண்டாகப் பிரிப்பது வட அமெரிக்க வழக்கம். வாத்து முதலிய நீர்ப்பறவைகளுக்காக வேட்டைக்காரர் மறைவிடத்தில் காத்திருப்பார். மேட்டுநிலப் பறவைகள் தரையில் புல்லுக்குள்ளும் புதருக்குள்ளும் மறைந்து வாழ்வதால், அவற்றை வேட்டைக்காரரே தேடிச் செல்ல வேண்டியுள்ளது. பெரும்பாலும் மோப்ப நாய் முன்னே செல்ல, வேட்டைக்காரர் அதனைப் பின்தொடர்ந்து நடக்கின்றார். ஒரு நாளில் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை நடப்பது இவ்வேட்டையில் இயல்பானது.

இந்நடை பாதையில் நடப்பது போன்றதன்று. முழங்கால் உயரப் புல்லில் ஒவ்வோர் அடிக்கும் காலை உயர்த்தி வைக்க வேண்டும். விழுந்த மரங்களையும் முள்வேலிகளையும் கடக்க வேண்டும். பறவை எழும்பும் நொடியில் உடலைத் திருப்பி உறுதியாக நிற்க வேண்டும். கையில் துப்பாக்கி இருப்பதனால், தடுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கை விடுதலையாக இருப்பதில்லை. இக்காரணங்களினால் மலையேற்றக் காலணி, தொழிற்சாலைக் காலணி, ஓட்டக் காலணி ஆகியவற்றில் எதுவும் முழுமையாக இதற்குப் பொருந்துவதில்லை.

எடையின் விளைவு

பாதத்தில் உள்ள ஒரு பவுண்டு எடை, முதுகில் உள்ள ஐந்து பவுண்டு எடைக்குச் சமம் என்பது மலையேறுவோரிடம் வழங்கும் பழமொழி. இதற்கு உடலியங்கியல் அடிப்படை உண்டு. 1969ஆம் ஆண்டில் வெளியான ஐக்கிய அமெரிக்க இராணுவ ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு பாதத்திலும் 6 கிலோகிராம் எடை கட்டி நடந்தவர்களின் ஆற்றல் செலவு அளவிடப்பட்டது. பாதத்தில் சுமக்கப்படும் எடைக்கு, உடலின் சொந்த எடையைச் சுமப்பதைப் போல, நடை வேகத்துக்கு ஏற்ப 4 முதல் 6 மடங்கு ஆற்றல் தேவைப்பட்டது. இவ்வாய்வில் பயன்பட்ட எடை எந்தக் காலணியின் எடையையும் விடப் பன்மடங்கு கூடியது என்பதால், இவ்வெண்களை அப்படியே காலணிக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் விளைவின் திசையை இவை தெளிவாகக் காட்டுகின்றன. ஓட்டத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் எடை கூடினால் ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகின்றது எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதன் காரணம் எளிய இயக்கவியல் ஆகும். முதுகுச் சுமை ஏறத்தாழச் சீரான வேகத்தில் முன்னே செல்கின்றது. பாதமோ ஒவ்வோர் அடியிலும் நின்று, மேலெழும்பி, உடலின் வேகத்தை விடக் கூடிய வேகத்தில் முன்னே வீசப்பட்டு, மீண்டும் நிற்கின்றது. கால் இடுப்பில் இருந்து ஊசலைப் போல ஆடுவதால், சுழல் அச்சில் இருந்து மிகத் தொலைவில் உள்ள பாதத்தின் எடை காலின் நிலைமத் திருப்புத்திறனை மிகுதியாகக் கூட்டுகின்றது. இது தொலைவின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், தொடையில் உள்ள 100 கிராமை விடக் கணுக்காலுக்குக் கீழே உள்ள 100 கிராம் மிகக் கூடிய சுமையாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு: 12 கிலோமீட்டர் தொலைவை 75 சென்டிமீட்டர் அடிகளாக நடந்தால் மொத்தம் 16,000 அடிகள் ஆகின்றன. ஒவ்வொரு காலணியும் 250 கிராம் இலேசாக இருந்தால், அந்நாளில் உயர்த்தப்படும் மொத்த எடை 4,000 கிலோகிராம், அதாவது 4 டன், குறைகின்றது. களைப்படைந்த கால் போதிய உயரத்துக்கு எழும்புவதில்லை என்பதால், எடை என்பது வசதியைச் சார்ந்தது மட்டுமன்று. பிற்பகலில் தடுக்கி விழும் வாய்ப்பையும் அது தீர்மானிக்கின்றது.

வகைகளுக்கு இடையே உறுதியான எல்லை இல்லை எனினும், ஒரு சோடியின் எடையைக் கொண்டு பின்வருமாறு பிரிக்கலாம்.

- இலேசான வகை: ஏறத்தாழ 1.1 முதல் 1.5 கிலோகிராம் வரை. துணியும் மெல்லிய தோலும் கலந்து செய்யப்படுவது.
- நடுத்தர வகை: ஏறத்தாழ 1.5 முதல் 1.9 கிலோகிராம் வரை. பெரும்பாலும் முழுத் தோலால் ஆனது.
- கனத்த வகை: 1.9 கிலோகிராமுக்கு மேல். விறைப்பான மலைக் காலணிகளும், பாம்புக் கடியைத் தடுக்கும் உயரமான காலணிகளும் இதில் அடங்கும்.

விளம்பரங்களில் சில வேளைகளில் ஒரு காலணியின் எடையும், சில வேளைகளில் சோடியின் எடையும் தரப்படுகின்றன. ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் தரப்பட்டுள்ளனவா எனப் பார்ப்பது இன்றியமையாதது. எடை பாதத்தின் அளவைப் பொறுத்து மாறும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வரலாறு

வட அமெரிக்கத் தொல்குடிகள் மென்மையான தோலால் செய்து அணிந்த மொக்கசின் இவ்வகையின் மூதாதை எனலாம். மொக்கசின் என்ற சொல் அல்கோன்குயின் மொழிக் குடும்பத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. விரல் பகுதியைச் சுற்றிப் புடைத்த தையல் கொண்ட மொக்கசின் முகப்பு, இன்றும் பல வேட்டைக் காலணிகளில் காணப்படுகின்றது. விஸ்கொன்சின் மாநிலத்தின் பெர்லின் நகரில் 1898இல் தொடங்கப்பட்ட ரசல் மொக்கசின் நிறுவனம் இம்மரபில் வந்ததாகும்.

1912இல் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியோன் லியோன்வுட் பீன் என்பவர், இரப்பர் அடிப்பகுதியுடன் இலேசான தோல் மேல்பகுதியை இணைத்து ஒரு வேட்டைக் காலணியை உருவாக்கினார். அக்காலத்தில் காட்டில் அணியப்பட்ட கனத்த தோல் பூட்சுகள் நனைந்தால் மேலும் கனத்தன. பீனின் காலணி அதற்கு ஒரு தீர்வாக அமைந்தது. எனினும் முதலில் விற்ற 100 சோடிகளில் 90 சோடிகள், தோலும் இரப்பரும் சேரும் தையல் கிழிந்ததால் திரும்பி வந்தன. பீன் பணத்தைத் திருப்பித் தந்து, வடிவமைப்பைத் திருத்தி மீண்டும் விற்றார். எடையைக் குறைக்கும்போது இணைப்பு இடங்களே முதலில் பழுதடைகின்றன என்ற பாடம் இன்றைய இலேசான காலணிகளுக்கும் பொருந்தும்.

1930களில் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி ஆழமான பள்ளங்கள் கொண்ட இரப்பர் அடிப்பகுதியை உருவாக்கினார். 1935இல் ஆல்ப்சு மலையில் அவருடைய தோழர்கள் ஆறு பேர் இறந்ததே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது. அவர் பெயரின் எழுத்துகளைக் கொண்டே விப்ரம் என்ற வணிகப் பெயர் அமைந்தது. அதுவரை தோல் அடிப்பகுதியில் ஆணி அடித்து அணிந்த வழக்கம் இதனால் படிப்படியாக மறைந்தது.

மினசோட்டா மாநிலத்தின் ரெட் விங் நகரில் 1905இல் தொடங்கப்பட்ட ரெட் விங் நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் ஐரிஷ் செட்டர் என்ற பெயரில் வேட்டைக் காலணிகளை விற்கத் தொடங்கியது. செந்நிறத் தோல், அதே நிறமுள்ள வேட்டை நாய் இனத்தின் பெயரைப் பெற்றுத் தந்தது. இவற்றின் தட்டையான வெண்ணிற அடிப்பகுதி சேற்றைப் பிடித்துக்கொள்ளாததால் சமவெளி வேட்டைக்காரர்களிடம் பரவலானது.

1969இல் பாப் கோர், பாலிடெட்ராஃபுளோரோஎத்திலீன் என்ற பல்லுறுப்பியைத் திடீரென இழுத்து நீட்டினால் அது நுண்துளைகள் நிறைந்த மெல்லிய படலமாகின்றது எனக் கண்டறிந்தார். கோர்-டெக்ஸ் என்ற பெயர் பெற்ற இப்படலத்தை, டேனர் நிறுவனம் 1979இல் டேனர் லைட் என்ற தன் காலணியில் பயன்படுத்தியது. தோலுக்கு இடையே நைலான் துணியை வைத்துத் தைத்த இக்காலணி, இலேசான நீர்புகாக் காலணிகளுக்கு முன்னோடி ஆயிற்று.

பகுதிகளும் பொருட்களும்

மேல்பகுதி

மேல்பகுதி முழுத் தோலாலோ, தோலும் துணியும் கலந்தோ அமைகின்றது. தோல் முள்ளைத் தாங்கும். அணிய அணியப் பாதத்தின் வடிவத்தைப் பெறும். ஆனால் நீரை உறிஞ்சினால் கனக்கும். கார்டுரா போன்ற நைலான் துணி இலேசானது, விரைவில் உலர்வது. ஆனால் கூரிய முட்கள் இதனுள் ஊடுருவக்கூடும். துணிக்கும் தோலுக்கும் இடைப்பட்ட தையல்கள் பாதம் மடங்கும் இடத்தில் அமைந்திருந்தால் அவை விரைவில் அறுகின்றன. எனவே தையல்கள் குறைந்த வடிவமைப்பு கூடுதல் காலம் உழைக்கின்றது.

அடிப்பகுதி

சோல் என வழங்கும் அடிப்பகுதியில், நிலத்தைத் தொடும் இரப்பர் அடுக்கும், அதற்கு மேலே அதிர்ச்சி தாங்கும் நடு அடுக்கும் உள்ளன. நடு அடுக்கு எத்திலீன் வினைல் அசிட்டேட்டு நுரையாலோ பாலியூரித்தேன் நுரையாலோ ஆனது. முன்னது மிக இலேசானது. ஆனால் அழுந்தி அழுந்தி விரைவில் தட்டையாகின்றது. பின்னது சற்றுக் கனமானது, உழைப்பது. எனினும் பாலியூரித்தேன் காற்றின் ஈரப்பதத்தால் நீராற்பகுப்பு அடைகின்றது. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்த காலணியின் அடிப்பகுதி, புதிது போலத் தோன்றினாலும் நடக்கத் தொடங்கியதும் நொறுங்கிப் பிரிவது இதனாலேயே ஆகும்.

நிலத்தைத் தொடும் அடுக்கின் வடிவம் எடையையும் பாதிக்கின்றது. ஆழமான பள்ளங்கள் பாறையிலும் சரிவிலும் நல்ல பிடிப்பைத் தரும். ஆனால் ஒட்டும் களிமண் நிலத்தில் அவை சேற்றை நிரப்பிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டும் சேறு, இலேசான காலணியால் கிடைத்த நன்மை முழுவதையும் இல்லாமல் செய்துவிடும். இதனால் உழுத நிலங்களில் நடப்போர் தட்டையான அடிப்பகுதியையோ, இடைவெளி விட்டு அமைந்த சிறு குமிழ் போன்ற புடைப்புகள் கொண்ட அடிப்பகுதியையோ விரும்புகின்றனர்.

இணைக்கும் முறை

மேல்பகுதியை அடிப்பகுதியுடன் பசையால் ஒட்டுவதும், வெல்ட் எனப்படும் தோல் பட்டையின் துணையுடன் தைப்பதும் பொதுவான முறைகள். ஒட்டப்பட்ட காலணி இலேசானது, எளிதில் வளைவது; ஆனால் அடிப்பகுதி தேய்ந்தபின் பெரும்பாலும் மாற்ற இயலாது. தைக்கப்பட்ட காலணி கனமானது, விலை கூடியது. ஆனால் புதிய அடிப்பகுதி பொருத்திப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். ஆண்டுக்குச் சில நாட்களே வேட்டைக்குச் செல்வோருக்கு முன்னதும், பருவம் முழுவதும் செல்வோருக்குப் பின்னதும் சிக்கனமானவை.

நீர்புகா உட்படலம்

கோர்-டெக்ஸ் போன்ற உட்படலங்களின் நுண்துளைகள் நீர்த்துளியை விடப் பல்லாயிரம் மடங்கு சிறியவை. நீராவி மூலக்கூறை விடப் பெரியவை. ஆகவே வெளி நீர் உள்ளே வராது. வியர்வை ஆவியாக வெளியேறும். ஆனால் வெளித்தோல் நீரில் ஊறிவிட்டால் ஆவி வெளியேறுவது தடைப்படும். காலணியின் வாய் வழியாக உள்ளே புகுந்த நீரும் வெளியேற வழியின்றித் தேங்கும். வெப்பமான, உலர்ந்த நிலங்களில் உட்படலம் இல்லாத காலணியே வசதியானது. பனி படிந்த உயர்ந்த புல்லில் காலை முழுவதும் நடப்போருக்கு உட்படலம் பயனுள்ளது.

வெப்பக் காப்பு

குளிர்காலக் காலணிகளில் 200, 400, 800 கிராம் என எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். இவை காலணியின் எடையைக் குறிப்பன அல்ல. காப்புப் பொருளின் ஒரு சதுர மீட்டருக்கான எடையைக் குறிப்பன. நடப்பவரின் பாதம் தானே வெப்பத்தை உண்டாக்குவதால், மேட்டுநில வேட்டைக்கு பெரும்பாலும் காப்பு இல்லாத காலணியோ, கடுங்குளிரில் 200 கிராம் காப்புள்ள காலணியோ போதுமானது. கூடிய காப்பு வியர்வையைப் பெருக்கும். ஈரமான பாதம் நின்றவுடன் குளிர்ந்துவிடும்.

உயரம்

பொதுவாக இக்காலணிகள் 6, 8, 10 அங்குல உயரங்களில் கிடைக்கின்றன. 8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், மிகப் பரவலானது. உயரம் கூடினால் முள், புல் விதை, ஆழமற்ற நீர் ஆகியவற்றில் இருந்து பாதுகாப்புக் கூடும். எடையும் வெப்பமும் கூடும். கணுக்காலைக் காப்பது உயரம் மட்டுமன்று. குதிகாலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் கட்டமைப்பும், அகன்ற அடிப்பகுதியும், இறுக்கமாகக் கட்டிய நாடாவும் சேர்ந்தே அதனைச் செய்கின்றன.

நிலத்துக்கேற்ற தேர்வு

வடக்குக் காடுகள்

மினசோட்டா, விஸ்கொன்சின், மிச்சிகன், மேய்ன் மாநிலங்களின் இளங்காடுகளில் ரஃப்டு கிரவுஸ் என்ற பறவை வேட்டையாடப்படுகின்றது. உள்ளான் இனத்தைச் சேர்ந்த வுட்காக், மண்புழு கிடைக்கும் ஈரமான தாழ்நிலங்களில் காணப்படுகின்றது. இங்கு விழுந்த மரங்களும் சதுப்பும் மிகுதி. இரப்பர் அடியும் தோல் மேல்பகுதியும் கொண்ட காலணியோ, உட்படலம் உள்ள இலேசான தோல் காலணியோ ஏற்றது. நிலம் மென்மையாக இருப்பதால் விறைப்பான அடிப்பகுதி தேவையில்லை.

சமவெளிப் புல்வெளிகள்

ஐக்கிய அமெரிக்காவில் மிகவும் பெயர் பெற்ற மேட்டுநிலப் பறவையான வளையக்கழுத்து பெசன்ட் அந்நாட்டுக்கு உரியதன்று. சாங்காயில் ஐக்கிய அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி, 1881இலும் 1882இலும் சீனாவில் இருந்து அனுப்பிய பறவைகளால் இது ஓரிகன் மாநிலத்தில் நிலைபெற்றது. இன்று இவ்வேட்டைக்குப் பெயர் பெற்ற தெற்கு டகோட்டாவில் முதல் வேட்டைப் பருவம் 1919இல் அறிவிக்கப்பட்டது. அங்கு நெடும்புல், சோளக்கொல்லை, சம்பங்கோரை நிறைந்த பள்ளங்கள் ஆகியவற்றினூடாக நீண்ட தொலைவு நடக்க வேண்டியுள்ளது. காலைப் பனியில் புல் காலணியை மேலிருந்து நனைக்கும். 8 அங்குல உயரமும் உட்படலமும், சேறு ஒட்டாத அடிப்பகுதியும் கொண்ட காலணி இங்குப் பொருத்தமானது.

தெற்குப் பகுதிகள்

ஜார்ஜியா முதல் டெக்சாஸ் வரை பாப்வைட் காடை வேட்டையாடப்படுகின்றது. நிலம் பெரும்பாலும் உலர்ந்தது; காற்று வெதுவெதுப்பானது. எனவே காப்பும் உட்படலமும் இல்லாத மிக இலேசான காலணி போதும். ஆனால் தெற்கு டெக்சாசில் சப்பாத்திக்கள்ளி முட்கள், ஆடையில் ஒட்டும் முட்காய்கள் ஆகியவை மிகுதி என்பதால், துணி மேல்பகுதியை விடத் தோல் மேல்பகுதி நல்லது. வெதுவெதுப்பான நாட்களில் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெளிவருவதும் உண்டு. முழங்கால் வரை உயர்ந்த பாம்புத் தடுப்புக் காலணி பாதுகாப்பானது எனினும் கனமானது. இலேசான காலணியின் மேல் அணியக்கூடிய பாம்புத் தடுப்புக் கால் உறை மாற்று வழியாகும். தேவையற்ற இடங்களில் இதனைக் கழற்றி வைத்துவிடலாம்.

மேற்கு மலைச்சரிவுகள்

நெவாடா, ஐடஹோ, ஓரிகன், யூட்டா மாநிலங்களின் வறண்ட பாறைச் சரிவுகளில் சுக்கர் கௌதாரி வாழ்கின்றது. இப்பெயர் சகோரம் என்ற சமசுக்கிருதச் சொல்லின் வழி வந்தது. நிலவொளியை உண்டு வாழ்வதாக இந்திய இலக்கியங்கள் கூறுவதும், தமிழில் நிலாமுகிப்புள் என வழங்குவதும் இப்பறவையின் பெயரே ஆகும். 1893இல் கராச்சியில் இருந்து சில சோடிகள் இல்லினாய் மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அதன்பின் பல முறை கொண்டுவரப்பட்ட பறவைகள், தம் தாயக மலைகளை ஒத்த மேற்கு மலைகளிலேயே நிலைபெற்றன.

சுக்கர் மேல்நோக்கி ஓடி, கீழ்நோக்கிப் பறக்கும் இயல்புடையது. வேட்டைக்காரர் சரிவில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்க வேண்டியுள்ளது. இலேசான காலணியின் நன்மை மிகுதியாகத் தேவைப்படும் நிலமும் இதுவே. மிக இலேசான காலணி ஆபத்தாகும் நிலமும் இதுவே. மெல்லிய அடிப்பகுதியின் வழியே கூரிய கற்கள் பாதத்தை அழுத்தும். பக்கச் சரிவில் நடக்கையில் நெகிழ்வான காலணிக்குள் பாதம் புரளும். ஆகவே இங்குச் சற்று எடை கூடினாலும் விறைப்பான நடு அடுக்கு, ஆழமான பள்ளங்கள், விரல் முனையில் இரப்பர்க் காப்பு ஆகியவை கொண்ட காலணியே பரிந்துரைக்கப்படுகின்றது.

அளவும் பொருத்தமும்

எடை, பொருள், விலை ஆகிய அனைத்தையும் விடப் பொருத்தமே முதன்மையானது. பொருந்தாத இலேசான காலணியை விடப் பொருந்தும் கனமான காலணி கூடுதல் தொலைவு நடக்கவிடும்.

ஐக்கிய அமெரிக்கக் கடைகளில் பாதத்தை அளக்கப் பயன்படும் பிரானக் கருவி, 1920களில் சார்லசு பிரானக் என்பவரால் சிரக்கியூசு நகரில் உருவாக்கப்பட்டது. இது பாதத்தின் மொத்த நீளம், அகலம், குதிகாலில் இருந்து பெருவிரல் மூட்டு வரையான நீளம் ஆகிய மூன்றையும் அளக்கின்றது. மூன்றாவது அளவு பலராலும் கவனிக்கப்படுவதில்லை. காலணி மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் ஒன்றாக அமைவது இதனைப் பொறுத்ததே. அமெரிக்க முறையில் ஒரு முழு அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு அங்குல வேறுபாடு உண்டு. அகலம் எழுத்துகளால் குறிக்கப்படுகின்றது. ஆண்களுக்கு டி, பெண்களுக்கு பி என்பன இயல்பான அகலங்கள்.

அளவு எண் ஒன்றாக இருந்தாலும், காலணி அச்சின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். எனவே அணிந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. அவ்வாறு பார்க்கும்போது பின்வருவன கவனிக்கத்தக்கவை.

- நடந்தால் பாதம் சற்று வீங்குவதால், மாலை வேளையில் அணிந்து பார்ப்பது நல்லது.
- வேட்டையின்போது அணியும் அதே காலுறையை அணிந்திருக்க வேண்டும்.
- இரு பாதங்களும் சம அளவில் இல்லாவிட்டால் பெரிய பாதத்துக்கே அளவு தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.
- நாடாவைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும்.
- நாடாவைக் கட்டியபின் குதிகால் மேலெழும்பக் கூடாது.
- சாய்தளத்தில் இறங்கி நடந்தால் விரல் நுனிகள் காலணியின் முன்பக்கத்தில் இடிக்கக் கூடாது.

பெண்களின் பாதம் பொதுவாகக் குதிகாலில் ஒடுங்கி அமைவதால், ஆண்களின் காலணியில் சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பது பல வேளைகளில் குதிகால் உரசலுக்கு இட்டுச் செல்கின்றது. பெண்களுக்கான அச்சில் செய்யப்பட்ட காலணிகளும் கிடைக்கின்றன.

கொப்புளமும் பழக்குதலும்

கொப்புளம் என்பது தோலின் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று இழுபடுவதால் பிரிந்து, இடையே நீர் கோர்ப்பது ஆகும். அழுத்தம், உரசல், ஈரம் ஆகிய மூன்றும் சேரும்போது இது விரைவில் தோன்றுகின்றது. வாகனத்தில் இருந்து 5 கிலோமீட்டர் தொலைவில் குதிகாலில் தோன்றும் கொப்புளம் அந்நாளின் வேட்டையை முடித்துவிடும். நொண்டி நடப்பதால் முழங்காலும் இடுப்பும் பாதிக்கப்படும். தோல் சூடாக உணரப்படும்போதே நின்று, காலணியைக் கழற்றி, அவ்விடத்தில் ஒட்டும் பட்டையைச் சுற்றுவது சிறந்த தடுப்பு முறையாகும்.

பருத்திக் காலுறை ஈரத்தைத் தேக்குவதால் ஏற்றதன்று. மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த காலுறை ஈரத்திலும் வெப்பம் காக்கும். சிலர் மெல்லிய செயற்கை இழை உட்காலுறையின் மேல் கம்பளிக் காலுறையை அணிகின்றனர். உரசல் தோலுக்குப் பதிலாக இரு காலுறைகளுக்கு இடையே நிகழ்வது இதன் நன்மை.

இலேசான துணிக் காலணி சில நாட்களிலேயே பழகிவிடும். தடித்த தோல் காலணிக்குப் பல வாரங்கள் தேவைப்படலாம். முதலில் வீட்டுக்குள்ளும், பின்னர் சிறு நடைகளிலும் அணிந்து, வேட்டைப் பருவத்துக்கு முன் சில பத்துக் கிலோமீட்டர்களாவது நடந்திருக்க வேண்டும். நீரில் ஊறவைத்தோ வெப்பமூட்டியோ விரைவாகப் பழக்குவது தோலையும் பசையையும் கெடுக்கும்.

பராமரிப்பு

பயன்படுத்தியபின் சேற்றையும் புல் விதைகளையும் தூரிகையால் அகற்ற வேண்டும். நனைந்த காலணியின் உள் அட்டையை எடுத்துவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, அறை வெப்பத்தில் உலர்த்த வேண்டும். நெருப்பின் அருகிலோ வெப்பக் கருவியின் மேலோ வைத்தால் தோல் வெடிக்கும். ஒட்டிய பசை விட்டுவிடும். உலர்ந்த தோலுக்கு அதற்குரிய மெழுகையோ பசைத் தைலத்தையோ அளவாகப் பூசலாம். தொடர்ந்து பல நாட்கள் வேட்டைக்குச் செல்வோர் இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிவது இரண்டின் வாழ்நாளையும் நீட்டிக்கும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அடிப்பகுதியைக் கையால் வளைத்து, விரிசலோ பிரிவோ உள்ளதா எனப் பார்ப்பது நல்லது.

பாதுகாப்பும் சூழலும்

வழுக்கும் அடிப்பகுதியும் களைத்த கால்களும் துப்பாக்கியுடன் நடப்பவருக்கு இரட்டை ஆபத்து ஆகும். விழும்போது துப்பாக்கியின் முனை எத்திசையிலும் திரும்பலாம். எனவே வேலி, ஓடை, செங்குத்துச் சரிவு ஆகியவற்றைக் கடக்கும் முன் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும் என வட அமெரிக்க வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றது. நல்ல காலணி இவ்விதிக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

காலணியின் பள்ளங்களிலும் நாடாவிலும் ஒட்டும் விதைகள் அயல் களைச் செடிகளைப் புதிய இடங்களுக்குப் பரப்புகின்றன. இதனைத் தடுக்கப் பல பாதுகாக்கப்பட்ட நிலங்களின் நுழைவாயில்களில் காலணி துடைக்கும் தூரிகைகள் அமைக்கப்பட்டுள்ளன.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காட்டுப் பறவைகளை வேட்டையாடுவதைப் பொதுவாகத் தடை செய்கின்றது. எனினும் எடை, பொருத்தம், நிலம் ஆகியவை பற்றி மேலே கூறப்பட்ட கோட்பாடுகள், பாதையற்ற நிலத்தில் நாள் முழுவதும் நடக்கும் பறவை நோக்கர், தாவரவியலாளர், வனத்துறைப் பணியாளர், நில அளவையாளர் ஆகியோருக்கும் அவ்வாறே பொருந்துவனவாகும்.